விலக்கு உடைக்கா, விற்பவருக்கா? சபைகள் விற்கும் சமய உடைகளும் அமெரிக்க விற்பனை வரியும்

நெய்தல் எழுதியது:

யூட்டா மாநிலத்தில் துணிமணிக்கு விற்பனை வரி உண்டு. சட்டையோ குழந்தையின் காலுறையோ, எதை வாங்கினாலும் மாநிலத்தின் பங்காக 4.85 விழுக்காடும், அதன்மேல் மாவட்டமும் நகரமும் சேர்க்கும் பங்கும் ரசீதில் ஏறிவிடுகின்றன. அதே மாநிலத்தின் விற்பனை வரிச் சட்டம், சமய நிறுவனங்களும் அறநிறுவனங்களும் தங்கள் வழக்கமான சமயப் பணியின் அல்லது அறப்பணியின் பகுதியாகச் செய்யும் விற்பனைகளுக்கு விலக்கு அளிக்கிறது.

யூட்டாவில் இந்த விதி பற்றிப் பேசும்போது, மார்மன் சபை என்று பலரும் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆலயச் சடங்கில் உடன்படிக்கை செய்துகொண்ட உறுப்பினர்கள், அன்றுமுதல் அன்றாட உடைக்கு உள்ளே அணியும் இரண்டு துண்டு உள்ளுடையையும், ஆலயத்துக்குள் மட்டும் அணியும் அங்கி, இடைக்கச்சை, தலையணி முதலியவற்றையும் அச்சபை தானே தயாரித்துத் தானே விற்கிறது. வாங்குபவர் அதற்குத் தகுதியுள்ள உறுப்பினர் என்பது உறுதியான பிறகே விற்பனை நடக்கும். இணையத்தில் வாங்குவதானாலும் உறுப்பினர் கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும்.

ஒரே தெருவில் ஒரு துணிக்கடை உள்ளாடைக்கு வரி வாங்க வேண்டும், சபையின் கடை தன் உள்ளுடைக்கு வாங்க வேண்டியதில்லை என்றால், அந்தச் சலுகை உடையின் புனிதத்துக்குத் தரப்படுகிறதா, விற்பவரின் தகுதிக்குத் தரப்படுகிறதா? வரிச் சட்டம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

டல்லஸ் கணக்கர் எழுதியது:

யூட்டாவின் விதியைப் பொறுத்தவரை, விற்பவருக்கு. ஆனால் எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை என்பதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் குழம்பிவிடுகிறது.

விற்பனை வரி அமெரிக்காவில் மாநிலங்களின் வரி. ஒரெகன், மொன்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் ஆகியவற்றில் பொது விற்பனை வரியே கிடையாது என்பதால் அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மினசோட்டா ஆகியவை பெரும்பாலான உடைகளுக்கே வரி விதிப்பதில்லை. நியூயார்க்கில் 110 டாலருக்குக் குறைந்த உடைக்கு மாநில வரி இல்லை. மாசச்சூசெட்ஸில் ஓர் உடையின் விலையில் முதல் 175 டாலருக்கு வரி இல்லை. இந்த மாநிலங்களில் பாதிரியார் அணியும் கறுப்புச் சட்டைக்கு விலக்குக் கிடைத்தால், அது சட்டை என்பதற்காகக் கிடைக்கிறதே தவிரப் பாதிரியாருக்காகக் கிடைப்பதில்லை.

புளோரிடா வேறு வகை. அங்கே பொது விகிதம் 6 விழுக்காடு. ஆனால் சமய வெளியீடுகள், விவிலியம், பாடல் நூல், செப நூல், வழிபாட்டுத் திருவுடைகள், பலிபீடப் பொருள்கள், நற்கருணைப் பாத்திரங்கள், இவற்றைப் போன்ற சடங்கு உடைகளும் கருவிகளும் என்று பொருள்களையே பட்டியலிட்டு விலக்குகிறார்கள். விற்பவர் தனியார் வணிகராக இருந்தாலும் பட்டியலில் உள்ள பொருளுக்கு வரி இல்லை.

யூட்டாவின் விதி பொருளைப் பார்ப்பதே இல்லை. நிறுவனம் சமய, அறநிறுவனங்களுக்கு வருமான வரி விலக்குத் தரும் கூட்டரசு வரிச் சட்டத்தின் 501(c)(3) பிரிவில் அங்கீகாரம் பெற்றதா, விற்பனை அதன் வழக்கமான பணியைச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்கிறது. பணிக்குத் தொடர்பில்லாத வணிகமாக இருந்தால் விலக்கு இல்லை. உறுப்பினர் கட்டாயம் அணிய வேண்டிய சடங்கு உடையைச் சபையே அவருக்கு விற்பது வழக்கமான சமயப் பணி இல்லை என்று வாதிடுவது மிகக் கடினம்.

எதிர்வாதி எழுதியது:

சட்டம் அனுமதிக்கிறது என்பதும் அரசியலமைப்பு அனுமதிக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். 1989இல் டெக்சஸ் மன்த்லி எதிர் புல்லக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான சலுகையை வெட்டி எறிந்ததை இங்கே யாரும் குறிப்பிடவில்லையே. சமய இதழுக்கு விலக்குத் தரக் கூடாது என்றால் சமய உள்ளுடைக்கு மட்டும் எப்படித் தரலாம்? அந்த உடையின் விலை சில டாலர்கள்தான். ஐந்து டாலர் உடைக்கு மாநிலத்தின் பங்கு இருபத்துநான்கு சென்ட். இருபத்துநான்கு சென்ட் வாங்கினால் யாருடைய சமய உரிமையும் நசுங்கிப் போகாது. ஆகவே இதைச் சுதந்திரம் என்ற பெயரால் அழைக்காமல் மானியம் என்றே அழைப்போம்.

சட்டநூல் எழுதியது:

எதிர்வாதி அவர்கள் சரியான வழக்கைத்தான் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்தத் தீர்ப்பு எதை வெட்டியது, எதை விட்டுவைத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1984 அக்டோபர் முதல் டெக்சஸ் மாநிலம் இதழ்களுக்கு விற்பனை வரி விதித்தபோது, ஒரு சமய நம்பிக்கையால் வெளியிடப்பட்டு, முழுக்க அந்த நம்பிக்கையின் போதனைகளையே கொண்ட இதழ்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. டெக்சஸ் மன்த்லி என்ற பொது இதழ் 1985இல் ஏறத்தாழ 1,49,000 டாலரை ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தது. நீதிபதிகள் ஆறுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். ஆறு பேரும் ஒரே காரணத்தையும் சொல்லவில்லை. பிரென்னன் எழுதி, மார்ஷலும் ஸ்டீவன்ஸும் சேர்ந்துகொண்ட கருத்து, சமயத்துக்கு மட்டுமே தரப்படும் மானியம் அரசு ஒரு நம்பிக்கையின் பக்கம் நிற்பதாக ஆகிவிடும் என்றது. வைட் அதைப் பத்திரிகைச் சுதந்திரக் கேள்வியாக மட்டும் பார்த்தார். பிளாக்மன், ஓகானருடன் சேர்ந்து, வாழ்வும் சாவும், நன்மையும் தீமையும் போன்ற கேள்விகளைப் பேசும் தத்துவ நூல்களையும் சேர்த்து விலக்கியிருந்தால் சட்டம் பிழைத்திருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். ஸ்கேலியாவும் அவருடன் சேர்ந்த இருவரும் விலக்கு செல்லும் என்றனர்.

விலக்கை வெட்டிய ஆறு பேரின் மூன்று கருத்துகளையும் சேர்த்துப் படித்தால், சமயம் ஒரு பெரிய வகுப்பின் உறுப்பாக விலக்குப் பெறலாம், தனியாக நின்று பெறுவதுதான் ஆபத்து என்பது தெளிவாகும். 1970இல் வால்ஸ் வழக்கில் வழிபாட்டிடங்களின் சொத்துவரி விலக்கு தப்பியதற்கும் அதுவே முக்கியக் காரணம். அந்த விலக்கு மருத்துவமனை, நூலகம், அறிவியல் கழகம் என்று பரந்த வகுப்புக்குத் தரப்பட்டிருந்தது.

இப்போது யூட்டாவுக்கு வாருங்கள். விதி சமய நிறுவனங்களோடு அறநிறுவனங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஏழைகளுக்கு உதவும், சமயச் சார்பற்ற ஓர் அறக்கட்டளை தன் பணியின் பகுதியாகப் பழைய சட்டைகளை விற்றாலும் அதே விலக்கை அதுவும் கேட்கலாம். ஆகவே 1989ஆம் ஆண்டின் கத்தி யூட்டாவை எளிதில் தொடாது. புளோரிடாவின் பொருள் பட்டியல்தான் அந்தக் கத்திக்கு நேராகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. 1990இல் கூட்டரசின் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வட கரோலினாவின் விவிலிய விலக்கையும், 1999இல் பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் அம்மாநிலத்தின் விவிலிய, சமய வெளியீட்டு விலக்கையும் இதே நியாயத்தால் ரத்து செய்தன.

1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஸ்வாகர்ட் தீர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட்டின் ஊழியம் என்ற சமய அமைப்பு, 1974 முதல் 1981 வரை கலிபோர்னியாவில் இருபத்துமூன்று நற்செய்திக் கூட்டங்களை நடத்தி, அங்கேயும் அஞ்சல் வழியாகவும் நூல்களையும் ஒலிநாடாக்களையும் மற்றப் பொருள்களையும் விற்றது. மாநிலம் கேட்ட வரி சுமார் 1,18,000 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து 1,66,000 டாலராயிற்று. சமயப் பொருள்களுக்கு வரி கேட்பது சமய உரிமைக்கு விரோதம் என்று ஊழியம் வாதிட்டது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தனர். எல்லா விற்பனைக்கும் ஒரே விகிதத்தில் விதிக்கப்படும் வரி, சமய நடவடிக்கையைக் குறிவைத்ததாகாது என்பது அதன் சாரம்.

உடை பற்றிய இந்த விவாதத்துக்கு அந்த வழக்கில் ஒரு சின்ன விவரம் உண்டு. ஊழியத்தின் முத்திரை பொறித்த டீ சட்டைகள், கோப்பைகள், முள்முடியின் மாதிரி, உடன்படிக்கைப் பெட்டியின் மாதிரி, நற்கருணைக் கிண்ணங்கள் ஆகியவற்றுக்கு வரி கட்டுவதை ஊழியமே எதிர்க்கவில்லை. அவை சமயம் சாராத சரக்கு என்ற வகையில் சேர்க்கப்பட்டுவிட்டன. நற்கருணைக் கிண்ணம் எப்படிச் சமயம் சாராத பொருளாயிற்று என்று எனக்கு இன்றுவரை வியப்புதான்.

அருளப்பன் எழுதியது:

புளோரிடாவின் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சபையில், பலிபீடப் பொருள்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். சட்டநூல் அவர்களின் கத்தி விழுந்தாலும் எங்கள் பங்கின் செலவு ஏறாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

குருவானவர் திருப்பலியில் அணியும் மேலுடை, திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப மாறும். ஆண்டின் பொதுக்காலத்துக்குப் பச்சை, திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, மறைச்சாட்சியர் நாள்களுக்குச் சிவப்பு. பூவேலை உள்ள ஒரு மேலுடைக்கே பல நூறு டாலர் ஆகிவிடுகிறது. இவற்றைப் பங்குதான் வாங்குகிறது, குருவானவர் அல்ல. புளோரிடாவில் சமய நிறுவனங்கள் தங்கள் பணிக்காக நேரடியாக வாங்கும் பொருள்களுக்குத் தனியாகவே விலக்கு இருக்கிறது. விலக்குச் சான்றிதழின் நகலைக் கடைக்காரருக்குக் கொடுத்து, பங்கின் காசோலையால் பணம் செலுத்தினால் போதும். என் சொந்தக் கடன் அட்டையால் வாங்கிவிட்டுப் பங்கிடம் திரும்பப் பெற்றுக்கொண்டால் அந்த விலக்கு செல்லாது.

அப்படியானால் டல்லஸ் கணக்கர் குறிப்பிட்ட பொருள் பட்டியல் யாருக்குப் பயன்படுகிறது? புதிதாகக் குருப்பட்டம் பெறும் இளைஞருக்கு அவர் பெற்றோர் முதல் திருப்பலி உடையை வாங்கிப் பரிசளிக்கும்போது பயன்படுகிறது. தம் உடையைத் தாமே வாங்கும் திருத்தொண்டருக்குப் பயன்படுகிறது. நிறுவனமாகப் பதிவு பெறாத சிறு செபக்குழுவுக்கும் பயன்படும். பெரிய சபைகளைவிடத் தனி மனிதர்களுக்கே அது உதவுகிறது. எதிர்வாதி அவர்கள் மானியம் என்று சாடும்போது, அது போய்ச் சேரும் கை எது என்பதையும் பார்க்க வேண்டும்.

நெய்தல் எழுதியது:

அருளப்பன் அவர்களின் விளக்கத்தால் என் கேள்வியே கூர்மையாகிவிட்டது. இதுவரை எல்லோரும் சமயத்துக்கும் சமயமின்மைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே பேசினோம். எனக்கு இப்போது உறுத்துவது ஒரு சமயத்துக்கும் இன்னொரு சமயத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

யூட்டாவின் விலக்கு விற்பவரைப் பொறுத்தது என்றால், தன் உடையைத் தானே விற்கும் சபையின் உறுப்பினர் வரியில்லாமல் வாங்கலாம். உடையைத் தனி வணிகரிடம் வாங்கும் மரபுள்ள சமயத்தினர் வரி கட்ட வேண்டும். சால்ட் லேக் சிட்டியில் ஒரு யூதர் தம் தொழுகைச் சால்வையான தல்லித்தைத் தனியார் கடையில் வாங்கினால் வரி உண்டு. சீக்கியர் தலைப்பாகைத் துணியைத் துணிக்கடையில் அளந்து வாங்கினால் வரி உண்டு. முஸ்லிம் பெண் தலைத்துணியை அங்காடியில் வாங்கினால் வரி உண்டு. இவர்களுக்கும் அந்த உடைகள் கடமைதான். அவர்களுடைய மரபில் ஒரு மைய நிறுவனம் உடை தயாரிப்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

விதியின் சொற்கள் எல்லாச் சமயத்துக்கும் பொது. ஆனால் நிறுவனமாக இறுகக் கட்டப்பட்ட சமயத்துக்கே அதன் பலன் அதிகமாகக் கிடைக்கிறது. இதைச் சமன் என்று எப்படிச் சொல்வது?

டல்லஸ் கணக்கர் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் இதற்கான வழி அந்த விதிக்குள்ளேயே திறந்திருக்கிறது. யூதத் தொழுகைக்கூடம் தன் வளாகத்தில் ஒரு சிறு கடை வைத்துத் தல்லித் விற்றால் யூட்டாவின் அதே விலக்கை அதுவும் கேட்கலாம். குருத்துவாரா துணி வாங்கி வைத்து விற்றாலும் அப்படியே. பல தொழுகைக்கூடங்களில் பெண்கள் அமைப்பு நடத்தும் இத்தகைய கடைகள் உண்டு.

வணிகப் போட்டி என்ற கோணத்தையும் கவனிக்க வேண்டும். சபைக்கு விலக்குத் தருவதால் தனியார் கடைக்காரர் பாதிக்கப்படுகிறாரா என்பதே வரித்துறையினர் வழக்கமாகக் கவலைப்படும் செய்தி. ஆலய உள்ளுடையை வேறு எந்தக் கடையிலும் வாங்க முடியாது, வெளியார் யாரும் அதை வாங்கவும் முடியாது. ஆகவே விலக்கால் வாடிக்கையாளரை இழக்கும் போட்டியாளர் அங்கே இல்லை. தல்லித் விற்கும் தொழுகைக்கூடக் கடைக்கு எதிர்ப்புறத்தில் தனியார் கடை இருக்கக்கூடும் என்பதால், போட்டிக் கேள்வி உண்மையில் அங்கேதான் எழும். நெய்தல் அவர்கள் கேட்கும் சமத்துவத்தைக் கொண்டுவரப்போனால் வணிகருக்குப் பாதகம் வரும். வணிகரைக் காக்கப்போனால் சமயங்களுக்கிடையே வேறுபாடு வரும். நான் பார்த்தவரை எந்த மாநிலச் சட்டமும் இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்கவில்லை.

எதிர்வாதி எழுதியது:

அவிழ்க்க ஓர் எளிய வழி இருக்கிறது: எல்லோரிடமும் வாங்குங்கள். ஸ்வாகர்ட் தீர்ப்பு அதைத்தானே சொல்கிறது? விற்பனை நடந்ததா என்ற ஒரே கேள்வியோடு வரி அதிகாரி நின்றுவிடுவார். எது சடங்கு உடை, எது அழகு உடை, எது வழக்கமான சமயப் பணி என்று அவர் தீர்மானிக்க வேண்டிய தேவையே இருக்காது. புளோரிடாவின் பட்டியலில் 'இவற்றைப் போன்ற' என்று ஒரு வாசல் இருக்கிறது பாருங்கள், அந்த வாசலில் காவல் நிற்பவர் ஓர் அரசு எழுத்தர். பௌத்தத் துறவியின் காவியுடை கத்தோலிக்கத் திருவுடையைப் போன்றதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். சமயத்தைச் சலுகையால் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, சமயம் எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்துவிடுகிறோம். நம்பிக்கையாளர்களே இதற்கு முதலில் அஞ்ச வேண்டும்.

புளோரிடாவில் இன்னொன்றும் இருக்கிறது. சமய நிறுவனம் தானே விற்கும் பொருள்களுக்கான விலக்கு, முறையாக வழிபாடு நடக்கும் நிலையான ஓர் இடம் அதற்கு இருந்தால்தான் கிடைக்கும். வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டில் கூடும் குழுவுக்குக் கட்டடம் இல்லை. ஆகவே விலக்கும் இல்லை.

சட்டநூல் எழுதியது:

எதிர்வாதி அவர்களின் இந்தப் பதிவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், அவர் கடைசியில் சொன்னது உட்பட. ஆனால் எல்லோரிடமும் வாங்கலாம் என்பது எல்லோரிடமும் வாங்கியே தீர வேண்டும் என்றாகாது. ஸ்வாகர்ட் வழக்கில் நீதிமன்றம், விலக்குத் தர வேண்டிய கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை என்றது. விலக்குத் தரலாகாது என்று சொல்லவில்லை. மிகக் கடுமையான வரியால் ஒரு சமய நடவடிக்கையே முடங்கிப்போகும் நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் அது திறந்தே வைத்தது. அதற்கு முன், 1943இல் மர்டாக் வழக்கில், துண்டுப் பிரசுரம் விற்ற யெகோவாவின் சாட்சிகளிடம் பென்சில்வேனியாவின் ஜீனட் நகரம் ஒரு நாளுக்கு ஒன்றரை டாலர் உரிமக் கட்டணம் கேட்டது செல்லாது என்று தீர்ப்பானது. விற்கும் முன்பே கேட்கப்படும் கட்டணம் வேறு, விற்றபின் விலையில் ஒரு பங்காக வாங்கப்படும் வரி வேறு என்று காட்டித்தான் 1990இல் அந்தத் தீர்ப்பிலிருந்து விலகி நின்றார்கள்.

நெய்தல் அவர்களின் ஐயத்துக்கு மிக நெருங்கி வருவது, 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கத்தோலிக்க அறப்பணி மன்றம் எதிர் விஸ்கான்சின் தீர்ப்பு. அது வேலையின்மைக் காப்பு வரி பற்றியது, உடை பற்றியதன்று. தங்கள் உதவியைப் பெறுபவர்களை மதம் மாற்ற முயலாத, தங்கள் சமயத்தாருக்கு மட்டும் என்று வரையறுக்காத காரணத்தால், ஓர் அறப்பணி அமைப்பின் பணி சமயப் பணி ஆகாது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. உறுப்பினருக்கு மட்டும் உதவுவதும் எல்லோருக்கும் உதவுவதும் அந்தந்தச் சமயத்தின் இறையியல் தேர்வு, அதைவைத்து விலக்குத் தருவதும் மறுப்பதும் சமயங்களுக்கிடையே பாகுபாடு காட்டுவதாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர்.

இதைக் கொண்டு யூட்டாவின் விதியை வீழ்த்த முடியும் என்று நான் நினைக்கவில்லை. விஸ்கான்சினில் அதிகாரிகள் இறையியலைத் தோண்டிப் பார்த்தார்கள். யூட்டாவின் விதி அப்படித் தோண்டுவதில்லை. உடையை நிறுவனம் விற்பதா, வணிகர் விற்பதா என்பது பெரும்பாலும் பழக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் மார்மன் சபையைப் பொறுத்தவரை, உடையைத் தகுதியுள்ளவருக்கு மட்டுமே சபை வழங்க வேண்டும் என்பது நம்பிக்கையிலிருந்தே வருகிறது. அங்கே விற்பனைமுறையே இறையியல். புளோரிடாவின் கட்டட நிபந்தனைமீது இந்தத் தீர்ப்பைப் பொருத்திப் பார்க்க ஒரு வழக்கறிஞர் முன்வந்தால் நான் வியப்படைய மாட்டேன். வீட்டில் கூடுவதையே கொள்கையாகக் கொண்ட சபைகள் உண்டல்லவா.

தேன்மொழி எழுதியது:

உயர்ந்த வாதங்களுக்கு நடுவே ஒரு சாதாரணக் கேள்வி. டெக்சஸில் எங்கள் சிறிய தமிழ்ச் சபையின் பாடகர் குழு, சபையின் பெயர் பொறித்த சட்டைகளை விற்று ஒலிபெருக்கி வாங்க நினைக்கிறது. வரி வாங்க வேண்டுமா? முன்பதிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

டல்லஸ் கணக்கர் எழுதியது:

சபை மாநிலத்தின் விலக்குப் பெற்ற அமைப்பாக இருந்தால், டெக்சஸ் சட்டம் ஓர் ஆண்டில் இரண்டு ஒருநாள் விற்பனைகளை வரியில்லாமல் நடத்த அனுமதிக்கிறது. சட்டையில் சிலுவை இருக்கிறதா, சபையின் பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சமயச் சார்பற்ற அறக்கட்டளைக்கும் அதே இரண்டு நாள்தான்.

முன்பதிவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெயர் எழுதிய நாளையும் பணம் வாங்கிய நாளையும் விற்பனை நாளாகக் கொள்வதில்லை. தைத்துக் கொடுப்பவரிடமிருந்து சட்டைகள் சபைக்கு வந்துசேரும் நாளையே கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே எல்லாச் சட்டைகளையும் ஒரே நாளில் அனுப்பும்படி கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தவணையாக வந்தால் உங்கள் இரண்டு நாள்களும் அதிலேயே தீர்ந்துவிடும். கூடுதலாக வரவழைத்த சட்டைகள் அன்றே விற்றுப்போனால் அவற்றுக்கும் வரி இல்லை. மிஞ்சியவற்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு விற்றால், மாநிலத்தின் 6.25 விழுக்காட்டோடு உள்ளூர்ப் பங்கையும் சேர்த்து வாங்கிச் செலுத்த வேண்டும். அதற்கு விற்பனை வரி உரிமமும் முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும்.